ஸ்காபரோ வீட்டில் அன்ரெனா: பூஸ்டர் வாங்குவதற்கு முன்

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் இரண்டு மாடி வீடு. கேபிளை நிறுத்திவிட்டு, கீழ்மாடி ஹோல் யன்னலில் தாள் மாதிரி மெல்லிய அன்ரெனா ஒன்றை ஒட்டியிருக்கிறீர்கள். சிபிசி, குளோபல், சிற்றி ரிவி எல்லாம் தெளிவு. 9.1 இல் வரும் சிரிவி மட்டும் அடிக்கடி கட்டம் கட்டமாக உடைகிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவிலுள்ள பஃபலோ நகரத்துச் சனல்கள் சில இரவுகளில் வந்து, அடுத்த நாள் காணாமல் போகின்றன. அன்ரெனாப் பெட்டியில் நூற்றுக்கணக்கான மைல் என்று போட்டிருந்ததே, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் இன்னும் பெரிதாக ஒன்று வாங்கினால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி வாசிக்கிறேன். ஒரே அன்ரெனா சில சனல்களை நன்றாகவும், ஒன்றை அரைகுறையாகவும், சிலவற்றை நினைத்த நேரத்திலும் பிடிக்கிறது என்றால் அதற்கு என்ன காரணம்? அது தெரிந்தால் பூஸ்டர் வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் ரேடியோ, ரிவி திருத்தும் கடையில் தொழில் பழகினேன். இங்கே வந்த பிறகு வீடுகளில் அன்ரெனா பூட்டும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இருப்பது இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள். சிரிவி உடைவதற்கு ஒரு காரணம், பஃபலோ நிலையாக வராததற்கு இன்னொரு காரணம். இரண்டுக்கும் பூஸ்டர் மருந்தில்லை. சில வேளை அது இப்போது நன்றாக வருவதையும் கெடுத்துவிடும்.

முதலில் அந்தப் பெட்டியில் போட்டிருக்கும் மைல் கணக்கை மறந்துவிடுங்கள். ரிவி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகின்றன, பூமியோ வளைந்திருக்கிறது. கோபுரத்தின் உயரத்தையும் அன்ரெனாவின் உயரத்தையும் மீற்றரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் கிலோமீற்றரில் வரும். 300 மீற்றர் உயரக் கோபுரத்துக்கும் தரையிலிருந்து 8 மீற்றர் உயரத்தில் உள்ள அன்ரெனாவுக்கும் இடையே அது ஏறத்தாழ 83 கிலோமீற்றர், அதாவது 50 மைலைக் கொஞ்சம் தாண்டும். அதற்கு அப்பால் வருவதெல்லாம் காற்றின் தயவில் வருவது. யன்னலில் ஒட்டும் ஒரு தாள் இருநூறு மைலுக்கு எட்டும் என்று அச்சடிப்பது வாங்குபவரை ஏமாற்றும் வேலை.

பழைய அனலொக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் பார்க்கலாம். இங்கே பெரிய நகரங்களில் 2011 ஆகஸ்ட் 31 உடன் அது முடிந்தது. இப்போதைய டிஜிற்றல் முறையில் சிக்னல் இரைச்சலைவிட ஏறத்தாழ 15 டெசிபெல் (சிக்னல் பலத்தை ஒப்பிடும் அளவு) மேலே இருந்தால் படம் முழுமையாக வரும். கேபிளில் வருவதைவிட இது துல்லியமாக இருப்பதைப் பலர் கவனித்திருப்பீர்கள். 15 க்குக் கொஞ்சம் கீழே இறங்கினால் ஒன்றுமே வராது. அந்த விளிம்பில் நின்று மேலும் கீழுமாக ஆடும்போதுதான் கட்டம் கட்டமாக உடைகிறது. ஆகவே நாம் கூட்ட வேண்டியது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையில் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான். பூஸ்டரால் அதைச் செய்ய முடியாது. சந்தை இரைச்சலுக்குள் ஒருவர் மெதுவாகப் பேசுவதை மைக் பிடித்து ஸ்பீக்கரில் விட்டால் சந்தையும் சேர்ந்துதான் பெரிதாகக் கேட்கும். அன்ரெனாவுக்கு வந்து சேராத சிக்னலை எந்தப் பெட்டியும் உண்டாக்கித் தராது.

பூஸ்டருக்கு ஒரு நியாயமான வேலை உண்டு. அன்ரெனா பிடித்ததை வயரில் இழக்காமல் ரிவி வரை கொண்டுவருவதுதான் அது. ரிவிக்கு வழக்கமாகப் போடும் ஆர்ஜி-6 கேபிளில் 30 மீற்றர் ஓடினால், ரிவி அலைவரிசைகளின் மேல் எல்லையில் ஏறத்தாழ 5 டெசிபெல் போய்விடும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிற்றர் 3.5, நான்காகப் பிரிப்பது 7. கூரையில் பூட்டி, நீண்ட வயர் இழுத்து, நாலு அறைக்குக் கொடுப்பதென்றால் கம்பத்திலேயே, அன்ரெனாவுக்குப் பக்கத்தில், ஒரு பூஸ்டர் வைப்பது சரி. உங்களிடம் இருப்பதோ ஒரு ரிவி, இரண்டு மூன்று மீற்றர் வயர். அங்கே அது ஈடுகட்டுவதற்கு இழப்பே இல்லை.

அதோடு நீங்கள் சிஎன் கோபுரத்திலிருந்து 20 கிலோமீற்றருக்குள் இருக்கிறீர்கள். 553 மீற்றர் உயரமான அந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்துதான் ரொறன்ரோவின் பெரும்பாலான சனல்கள் வருகின்றன. இவ்வளவு கிட்டத்தில் பலமான பூஸ்டர் போட்டால் பூஸ்டரே திணறிப்போய், பலமான சனல்கள் ஒன்றோடொன்று கலந்து புது இரைச்சலை உண்டாக்கும். அதில் முதலில் மூழ்கிப்போவது நீங்கள் தேடுகிற பஃபலோதான். உங்கள் அன்ரெனாவுடன் யூஎஸ்பியில் செருகும் சின்னப் பூஸ்டர் ஒன்று வந்திருக்கும். அதைக் கழற்றி, வயரை நேரே ரிவியில் பூட்டி, மறுபடி சனல் தேடிப் பாருங்கள். அதைக் கழற்றிய உடனேயே நிலைமை சீரான வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி சிரிவி. திரையில் தெரியும் எண் ஒன்று, உண்மையில் ஒளிபரப்பாகும் அலைவரிசை வேறொன்று. ஹமில்ரனிலிருந்து 11.1 ஆக வரும் சிஎச்சிஎச், உண்மையில் 15 ஆம் அலைவரிசையில் வருகிறது. குளோபல் 41.1, சிற்றி ரிவி 57.1, ஓம்னி 47.1 என்று காட்டினாலும் 37 க்கு மேல் இப்போது ரிவியே கிடையாது. அந்த இடம் முழுவதும் கைத்தொலைபேசிக்குப் போய்விட்டது. எல்லாம் 36 க்குள் நெருக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை 14 முதல் 36 வரை உள்ள யூஎச்எஃப் பகுதியில். சிரிவி மட்டும் அதற்குக் கீழே, விஎச்எஃப் பகுதியில், 8 ஆம் அலைவரிசையில் வருகிறது.

இது ஏன் முக்கியம் என்றால் அன்ரெனாவின் நீளம் அலையின் நீளத்தோடு ஒத்துப்போக வேண்டும். யூஎச்எஃப் அலையின் பாதி நீளம் 25 முதல் 32 சென்ரிமீற்றர். உங்கள் தாள் அன்ரெனாவின் அகலமும் ஏறத்தாழ அதுதான், அதனால் அவற்றை நன்றாகப் பிடிக்கிறது. சிரிவியின் அலையில் பாதி நீளம் 82 சென்ரிமீற்றர். அந்தத் தாளுக்குள் அதற்கு இடமே இல்லை. கோபுரம் கிட்ட இருப்பதால் ஏதோ கொஞ்சம் வருகிறது, அவ்வளவுதான். எல்ஈடி மின்குமிழ், மலிவான சார்ஜர் போன்றவை கக்கும் மின் இரைச்சலும் இந்தக் கீழ்ப் பகுதியைத்தான் அதிகம் தாக்கும். சிரிவி உடையும் நேரம் பார்த்து அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஒரே ஒரு குமிழ் காரணமாக இருப்பது அபூர்வமல்ல.

இதற்கு வழி எளிது, செலவும் குறைவு. இரண்டு கம்பிகளை இழுத்து நீட்டும் பழைய மேசை அன்ரெனா, இங்கே எல்லோரும் ரபிற் இயர்ஸ் என்று சொல்வது, பழைய சாமான் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. ஒவ்வொரு கம்பியையும் 40 சென்ரிமீற்றர் அளவுக்கு நீட்டுங்கள். வி வடிவில் மேலே தூக்காமல், இரண்டையும் பக்கவாட்டில் ஒரே கோடாகப் படுக்க வையுங்கள். அந்தக் கோட்டின் முனை கோபுரத்தைப் பார்க்கக் கூடாது, பக்கம் பார்க்க வேண்டும். கோபுரம் உங்களுக்குத் தென்மேற்கில், ஆகவே கம்பிகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடக்கட்டும். சிரிவி நிலையாக வந்துவிட்டால் காரணம் உறுதியாகிவிட்டது. பிறகு யூஎச்எஃப், விஎச்எஃப் இரண்டையும் சேர்க்கும் சிறிய கம்பைனர் ஒன்றின் மூலம் இரண்டு அன்ரெனாக்களையும் ஒரே வயரில் இணைக்கலாம். சாதாரண ஸ்பிளிற்றரைத் திருப்பிப் போட்டு இணைக்காதீர்கள். ஒன்று பிடிப்பதை மற்றது கெடுக்கும்.

பஃபலோ வேறு கதை. 29.1 இல் வரும் ஃபொக்ஸ், 17.1 இல் வரும் பிபிஎஸ் இரண்டும் நயாகரா ஆற்றின் நடுவிலுள்ள கிராண்ட் ஐலண்டிலிருந்து வருகின்றன. உங்களுக்கு அது ஏறத்தாழ 85 கிலோமீற்றர். என்பிசி, சிபிஎஸ், ஏபிசி மூன்றின் கோபுரங்களும் பஃபலோவுக்குத் தெற்கே உள்ள குன்றுகளில், 120 கிலோமீற்றருக்கு மேல். மேலே சொன்ன கணக்கின்படி முதல் இரண்டும் தொடுவானத்தில் நிற்கின்றன, மற்ற மூன்றும் அதற்கு அப்பால். வழியில் பெரும்பகுதி ஒன்ராறியோ ஏரி. வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் ஏரி நீர் குளிராகவே இருக்கும், அதன் மேல் சூடான காற்று வந்து படியும். குளிர்க்காற்றுக்கு மேலே சூட்டுக்காற்று இருக்கும்போது அலை வளைந்து, நீரை ஒட்டியே நெடுந்தூரம் போகும். அப்படிப்பட்ட இரவுகளில்தான் உங்கள் தாள் அன்ரெனாவுக்கும் பஃபலோ வருகிறது. காலையில் வெயில் ஏறிக் காற்று கலைந்ததும் போய்விடுகிறது.

நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் உயரமான குழாய்களில் அன்ரெனா ஏற்றிக் கொடைக்கானலில் இருந்து வந்த தூரதர்ஷனைப் பார்த்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். 1982 இல் தொடங்கிய ரூபவாஹினியைத் தமிழ்நாட்டின் தென்பகுதிகளில் பார்த்தவர்களும் அப்படியே. கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு 2,000 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருந்தும், கணக்குப்படி 200 கிலோமீற்றரளவுக்குத்தான் அலை எட்ட வேண்டும். யாழ்ப்பாணமோ ஏறத்தாழ 280 கிலோமீற்றர். மிச்சத்தைக் கடலின் மேல் படிந்த காற்றுத்தான் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு நாள் கண்ணாடி மாதிரித் தெளிவு, அடுத்த நாள் வெறும் புள்ளி என்று அன்று பார்த்தோமே, அதே காரியம்தான் இங்கே ஏரியின் மேல் நடக்கிறது.

பஃபலோ எந்த நாளும் வர வேண்டுமென்றால் மூன்று விடயங்கள் தேவை: உயரம், தெற்கே திறந்த பார்வை, யூஎச்எஃப்புக்குச் செய்த பெரிய அன்ரெனா. வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி நான்கு சோடிக் கம்பிகளும் பின்னால் ஒரு கம்பி வலையும் கொண்ட அன்ரெனா இதற்கு மிக நல்லது. ஸ்காபரோவிலிருந்து கிராண்ட் ஐலண்ட் தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்குப் பக்கமாக விலகியிருக்கிறது. சிஎன் கோபுரம் தென்மேற்கில். இரண்டுக்கும் இடையில் ஐம்பது பாகைக்கு மேல் வித்தியாசம். எதை நோக்கித் திருப்புவது என்று பலரும் குழம்புகிறார்கள். பஃபலோவை நோக்கித் திருப்புங்கள். சிஎன் கோபுரம் இவ்வளவு கிட்ட இருப்பதால் பக்கவாட்டாகவே உள்ளே வந்துவிடும். பலவீனமானதைப் பார்த்துத் திருப்பு, பலமானது தானாக வரும் என்பதுதான் இந்தப் பக்கத்தில் நான் எப்போதும் பின்பற்றும் முறை. மிசிசாகா, பிரம்ரன் பக்கம் திசைகள் மாறும், ஆகவே அங்கே இருக்கும் நண்பர் சொன்ன பாகையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ராபிட்இயர்ஸ் என்ற இணையத்தளத்தில் உங்கள் வீட்டு இடத்தைக் குறித்தால் ஒவ்வொரு சனலின் திசையையும் தூரத்தையும் எதிர்பார்க்கக்கூடிய பலத்தையும் காட்டும்.

இப்போது வீட்டுக்குள் எங்கே வைப்பது என்று பார்ப்போம். கீழ்மாடி யன்னல் ஏறக்குறைய மிக மோசமான இடம். பக்கத்து வீடு, வேலி, வாகனம், மரம் எல்லாம் குறுக்கே நிற்கும். இங்கே புதிதாகப் பூட்டப்படும் யன்னல் கண்ணாடிகளில் வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும், அது ரிவி அலையையும் தடுக்கும். அப்படிப்பட்ட யன்னலைவிடப் பக்கத்துச் சுவரே நல்லது என்று சில வீடுகளில் தெரியவரும். ஆகவே அன்ரெனாவை ஒட்டிவிட வேண்டாம். நீளமான கேபிள் ஒன்றைப் பூட்டி, மேல்மாடியின் தெற்குப் பக்க அறைகளில் கையில் பிடித்துக்கொண்டு இடம் இடமாகப் பாருங்கள். ரிவியின் அமைப்புப் பட்டியலில் சிக்னலின் தரத்தைக் காட்டும் பகுதி இருக்கும். தகராறு பண்ணும் சனலில் வைத்து அந்த எண்ணைப் பாருங்கள். நன்றாக வரும் சனலில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. ஒரு சாண் நகர்த்தினாலே எண் மாறும், ஏனென்றால் சுவர்களிலும் பக்கத்து மாடிக் கட்டடங்களிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒரு புள்ளியில் நேரலையோடு கூடும், அடுத்த புள்ளியில் அதை அழிக்கும்.

பெரிய அன்ரெனா வாங்குவதாக இருந்தால், கூரைக்குப் போவதற்கு முன் கூரைக்கும் மேல்மாடிச் சீலிங்குக்கும் இடையிலுள்ள அற்றிக்கைப் பாருங்கள். மழை, பனி, காற்று படாது, ஏணி ஆபத்தும் இல்லை. கூரைப் பலகையும் தார் ஓடும் கொஞ்சம் சிக்னலை எடுக்கும். ஈரமாகவோ பனி மூடியோ இருந்தால் இன்னும் அதிகம். தகரக் கூரையோ, வெள்ளித்தாள் ஒட்டிய காப்புப் பலகையோ இருந்தால் அற்றிக்கை மறந்துவிடலாம். கூரையில்தான் என்றால், முன்னைய குடித்தனம் விட்டுப்போன பழைய சற்றலைற் டிஷ் ஏதாவது அங்கே நிற்கிறதா என்று பாருங்கள். டிஷ் நமக்குப் பயன்படாது, ஆனால் அதைத் தாங்கும் வளைந்த கம்பமும் வீட்டுக்குள் வரும் கேபிளும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். டிஷ்ஷுக்காகப் போட்ட சுவிச், ஸ்பிளிற்றர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நேரடியாக இணையுங்கள். வீட்டுச் சுவருக்குள் ஓடும் பழைய கேபிளைப் பயன்படுத்துவதானால், கேபிள் கம்பனியின் வயர் வெளியிலிருந்து வந்து சேரும் இடத்தில் அதைத் துண்டித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சிக்னலும் மோதும், உங்களுடையது வெளியேயும் கசியும்.

வயர் முனைகளில் போடும் கனெக்ரர்கள் சின்ன விடயம் மாதிரித் தெரியும். வெளியே இருப்பவற்றில் தண்ணீர் இறங்கிப் பச்சைப் பூஞ்சணம் மாதிரிப் பிடித்திருந்தால் எவ்வளவு நல்ல அன்ரெனாவும் வீண்தான். மாற்றிப் போட்டு, ரப்பர் உறை போட்டு, வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே எடுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

இதில் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதைச் சொல்லவில்லை என்பதையும் பிரித்துவிடுகிறேன். சிரிவிக்கு நீளமான கம்பி வேண்டும் என்பதிலும், பூஸ்டர் உங்கள் இரண்டு பிரச்சினையையும் தீர்க்காது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. மேல்மாடிக்குக் கொண்டுபோனால் முன்னேற்றம் தெரியும் என்பது அநேகமாகச் சரி. ஆனால் கூரையில் பெரிய அன்ரெனா பூட்டினால் பஃபலோவில் எத்தனை சனல் நிலையாக வரும் என்பதை வீட்டைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது; சொல்பவரை நம்பாதீர்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு ஐந்தும் வரும், நாலு வீடு தள்ளி இரண்டுதான் வரும். தெற்குப் பக்கம் பெரிய மேப்பிள் மரம் நின்றால் இலை உதிர்ந்த பின் நன்றாகவும், இலை துளிர்த்த பின் மோசமாகவும் இருக்கும். ஏரிக்காற்றோ அதற்கு எதிர்ப்பக்கமாக வேலை செய்து கோடையில் உதவும். இரண்டில் எது உங்கள் வீட்டில் வெல்லும் என்பது பூட்டிப் பார்த்தால்தான் தெரியும். என்பிசி, சிபிஎஸ், ஏபிசி மூன்றும் எந்த நாளும் கட்டாயம் வேண்டும் என்றால், அன்ரெனாவை மட்டும் நம்பிக் கேபிளை விட்டிருக்கக் கூடாது என்றுதான் சொல்வேன்.

கூரை வேலையில் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். கம்பம் சரிந்து விழுந்தால் மின்கம்பியைத் தொடக்கூடிய எந்த இடத்திலும் பூட்டக் கூடாது. கம்பத்தையும் கேபிளின் வெளி உறையையும் வீட்டின் மின் நில இணைப்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். காற்று உரசிச் சேரும் மின்னேற்றத்தை அது இறக்கிவிடும். இடி நேரடியாக விழுந்தால் அது முழுப் பாதுகாப்பு ஆகாது. நில இணைப்பு என் தொழில் எல்லைக்கு வெளியே. அந்தப் பகுதிக்கு உரிமம் உள்ள மின்வேலைக்காரரைத்தான் நான் கூப்பிடுகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

காசு செலவழிக்காமல் இந்தச் சனி ஞாயிறில் செய்யக்கூடியது இவ்வளவு: சின்னப் பூஸ்டரைக் கழற்றுங்கள், அன்ரெனாவை மேல்மாடித் தெற்குப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள், யாரிடமாவது ரபிற் இயர்ஸ் இரவல் வாங்கிச் சிரிவியைச் சோதியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ரிவியில் சனல்களைப் புதிதாகத் தேட விடுங்கள்; தேடாவிட்டால் புதிதாகப் பிடிபட்ட சனலைப் பல ரிவிகள் காட்டுவதில்லை. அப்புறம் 9.1, 29.1, 17.1 மூன்றுக்கும் காலையிலும் இரவிலும் தரம் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து, வீட்டின் தெற்குப் பக்கம் என்ன நிற்கிறது என்பதையும் சேர்த்து இங்கே எழுதுங்கள். அற்றிக் காணுமா, கூரைக்கே போக வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.